பிறர் வசம்

1

புனேயை ஒட்டிய வாகட்டில் நான் இருக்கும் குடியிருப்பில் ஞாயிறு காலை ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. எடுப்பது நான்தான். ஆசிரியர் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது. ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பிழை சொல்கிற வேலை. இங்கே தமிழைத் தடுமாறாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவன், கல்யாணம் ஆகாதவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் போக வேறு இடம் இல்லாதவன் என்ற மூன்று தகுதிகளும் ஒரே ஆளிடம் இருந்ததால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வருகிற பிள்ளைகளின் பெற்றோர் கோயம்புத்தூர், சென்னை, திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ் உண்டு. ஆனால் அந்தத் தமிழில் வெங்காயம் காந்தா, உருளைக்கிழங்கு படாடா. "அங்கிள், லிஃப்ட் பந்த் இருக்கு, அதான் லேட்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நானே ஒரு கணம் கழித்துத்தான் திருத்துகிறேன். பல நாள் திருத்துவதும் இல்லை. பேசுகிறார்களே, அது போதும் என்று விட்டுவிடுகிறேன்.

பாடப் புத்தகம் இல்லை. நானே சின்னச் சின்னப் பத்திகள் எழுதி எடுத்துப் போவேன். மழை தொடங்கிய ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, "முதல் மழையைப் பார்த்த செல்வி பரவசம் அடைந்தாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எதிர் பிளாக்கில் இருக்கும் யாழினி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எதையும் அப்படியே விழுங்குகிற ஆள் இல்லை.

"பரவசம்னா ஹாப்பிதானே அங்கிள்?"

ஆமாம் என்றேன்.

"அப்போ மகிழ்ச்சின்னே போடலாமே? லாஸ்ட் வீக் அதான் சொல்லிக் குடுத்தீங்க."

இது ரொம்ப அதிகமான மகிழ்ச்சி என்றேன். எவ்வளவு அதிகம் என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்படிப்பட்ட சொற்களை எல்லாம் நான்தான் வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அப்பாவோ அம்மாவோ பரவசம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டில் புழங்கிய சொல் என்றால் அதன் சூடு தானாகக் கைக்குத் தெரியும். புத்தகத்தில் எடுத்த சொல்லை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டு, பரீட்சையில் வைத்து, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு சிறுமி கேட்கும்வரை அது எனக்கே உறைக்கவில்லை.

2

அந்த வாரம் கம்பெனி வண்டியில் போகும்போதெல்லாம் கைபேசியில் அகராதிகளைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஹிஞ்சேவாடி நெரிசலில் ஒரு மனிதன் அகராதி முழுவதையும் படித்து முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நீங்கள் அதை நம்புவது கஷ்டம்.

மகிழ்ச்சியைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொற்களைப் பார்த்தால் எல்லாமே உடம்புக்கு நேர்வதாக இருக்கிறது. களிப்புக்குள் கள் இருக்கிறது. மகிழ் என்பதும் பழைய பாட்டுகளில் கள்ளைக் குறித்திருக்கிறது. பூரிப்பு என்றால் நிரம்பி விம்முவது. நாம் தின்கிற பூரியும் கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணமும் அதற்குச் சொந்தக்காரர்கள். புளகாங்கிதம் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வார்களே, அது மயிர்சிலிர்த்த உடம்பு, அவ்வளவுதான்.

பரவசம் இவற்றோடு சேரவில்லை. பர என்றால் பிற. வசம் நமக்கு அன்றாடம் தெரிந்ததுதான்: சாவி யார் வசம் இருக்கு, கைவசம் என்ன இருக்கு என்று கேட்கிறோம். இரண்டையும் சேர்த்தால் பிறர் வசம் இருப்பது. வடமொழியிலிருந்து வந்த சொல். அகராதியில் பிறர்க்கு அடங்கியிருத்தல் என்ற பொருளும் இருந்தது, தன்னை மறந்த இன்பம் என்ற பொருளும் இருந்தது. முதலாவதை எனக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

பக்கத்து இருக்கையில் வருகிறவர் மகரந்த். சாத்தாராக்காரர், என் டீமிலேயே இருக்கிறார், என்னைவிட மூத்தவர். என்ன இவ்வளவு மும்முரம் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மராத்தியில் பரவஷ் என்றால் கதியற்றுப் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறவன் என்றார். அவருடைய சித்தப்பா ஒருவர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறாராம். வாயில் ஒரு கரண்டி கஞ்சி போக வேண்டுமென்றாலும் யாராவது வந்தால்தான் உண்டு. அவர் தன்னைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது என்றார். "இதையா நீங்கள் சந்தோஷத்துக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, நாங்கள் அளவு மீறிய சந்தோஷத்தை ஹர்ஷவாயு என்போம் என்றார். சந்தோஷக் காற்று உடம்பில் ஏறிப் பித்துப் பிடிப்பது. அதுவும் வியாதி மாதிரிதான் இருக்கிறது என்றேன். இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்ன முதல் விஷயம் என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் என் வீட்டிலேயே ஒருத்தி பிறர் வசம் இருந்தாள்.

3

அம்மா திண்டிவனம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் தெரு கூட்டினாள். ஓய்வுபெற்றபோது அலுவலகத்தில் ஒரு விழா வைத்தார்கள். சால்வையை மேலே போர்த்தாமல் மடித்தபடியே கையில் கொடுத்தார்கள். எங்களை யார் தொடுவார்கள், யார் தொட மாட்டார்கள் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஊர்க்காரர்கள் நீங்கள்.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மா தனியாக இருந்தாள். தைமாதம் குழாயடியில் மயங்கி விழுந்து நெற்றியில் அடி. பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அம்மா இனிமேல் என்னோடுதான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வந்து பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடணும் என்று நிபந்தனை போட்டுத்தான் வைகாசியில் வண்டி ஏறினாள். திரும்பிப் போவதற்கான டிக்கெட்டையும் சேர்த்து எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். வந்து இருந்து பார்த்தால் மனம் மாறும், அதைக் கேன்சல் செய்துவிடலாம் என்பது என் கணக்கு.

மாறவில்லை. நான் இருப்பது பதினோராவது மாடி. கதவுக்கு எண்களை அழுத்தும் பூட்டு. அம்மாவுக்கு எண் தெரியும், ஆனால் அழுத்தினால் அது கீச்சென்று கத்துவதால் பயம். லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். குடியிருப்பின் வாசலில் யார் வந்தாலும் காவலாளி போட்டோ எடுத்து அனுப்புவான், அந்த வீட்டில் இருப்பவர் தன் கைபேசியில் அனுமதி கொடுத்தால்தான் உள்ளே விடுவான். அம்மாவை நான் அதில் விருந்தாளி என்று பதிந்திருந்தேன். ஒருநாள் கீழே பூங்கா வரைக்கும் போனவள் தவறுதலாக வாசலைத் தாண்டிவிட்டாள். திரும்பி உள்ளே வர, மீட்டிங்கில் இருந்த நான் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். மாத்திரை, டாக்டர், தமிழ்ச் சேனல், எல்லாம். அம்மா குறை சொல்லவே இல்லை. ஒரே ஒருமுறை, சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னாள்.

"அங்க விழுந்தன், எழுந்தன். இங்க விழவே முடியல. எல்லாத்துக்கும் உன் கையத்தான் பாக்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் ஊர் திரும்பும் வண்டி. அதற்குள் எப்படியாவது மனதை மாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. மறுபடி ஒருமுறை மயங்கி விழுந்தால் யார் இருக்கிறார்கள்? இரவில் போன் அடித்தால் நெஞ்சு பதறுகிற வாழ்க்கை இன்னொரு தடவை வேண்டாம் என்று இருந்தது.

4

அதற்கு முந்தைய சனிக்கிழமை பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் வந்தது. ஆனி மாதத்தில் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்களின் ஊர்வலம் புனே வழியாகத்தான் போகும். தேஹுவிலிருந்து கிளம்பும் பல்லக்கு எங்களுக்குக் கிட்டத்தில், காசர்வாடி நெடுஞ்சாலையில் கடக்கும். குழுக் குழுவாகக் கொடியும் ஜால்ராவுமாக ஆயிரக்கணக்கானவர்கள். பாதிப் பேர் வயலில் விதைப்பு முடித்துவிட்டு வந்த கிழவர்கள், கிழவிகள். பல பெண்களின் தலையில் துளசிச் செடி வைத்த தொட்டி இருக்கும். வழியெங்கும் குடியிருப்புக்காரர்கள் பந்தல் போட்டுத் தண்ணீர், பழம், மழைச் சட்டை கொடுப்பார்கள். காலைப் பிடித்துவிடுவார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து வாழைப்பழப் பந்தல். வீட்டில் அடைந்திருக்கிறாளே என்று அம்மாவையும் கூட்டிப் போனேன்.

முதலில் அம்மாவும் பழம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் காணோம் என்று திரும்பினால், பின்னாலிருந்த கடையில் ஒரு நீளத் துடைப்பத்தை வாங்கி வந்து சாலையில் கிடக்கும் தோல்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோடும் பேசாமல், இடுப்பைச் சற்று மடித்து, எனக்குப் பழக்கமான அதே வீச்சு.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அந்தத் துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கத்தானே நான் படித்தேன். பந்தலில் என்னோடு நின்றவர்கள் எல்லாம் என் குடியிருப்புக்காரர்கள். ஓடிப்போய், விடும்மா, ஆள் வருவாங்க என்றேன்.

"வர்றதுக்குள்ள எவளாச்சும் வழுக்கி வுழுந்தா? பாதி கெழவிங்க காலுல செருப்பே இல்ல, பாரு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கூட்டினாள். நான் பந்தலுக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் அது நடந்தது. துளசித் தொட்டியோடு வந்த ஒரு கிழவி, அம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், வரிசையிலிருந்து விலகி அம்மா எதிரில் வந்து நின்றாள். தலையில் தொட்டி ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டிக் குனிந்தாள்.

அம்மா துள்ளிப் பின்னால் போனாள். துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் இருந்த இடத்திலிருந்தே அவள் குரல் கேட்டது. "தெரியாம பட்டுடுச்சிம்மா, பாக்கலம்மா, மன்னிச்சுக்கம்மா" என்று தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது கடைத்தெருவில் கேட்டது. துடைப்ப நுனி ஒரு பெரிய மனிதரின் வேட்டிக் கரையில் பட்டுவிட்டது. அவர் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. நின்று வேட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நகரும்வரை அம்மா இதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பள்ளிக்கூடப் பையோடு எதிர்ப்புறம் நின்றேன்.

துடைப்பம் பட்டுவிட்டது, அதைத் துடைக்கத்தான் கிழவி குனிகிறாள் என்று அம்மா நினைத்துவிட்டாள். கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் அடி முன்னால் வந்து மறுபடி குனிந்தாள். "மாவுலி" என்றாள். தாயே என்று அர்த்தம். இந்த ஊர்வலத்தில் ஆண் பெண், சின்னவர் பெரியவர் வித்தியாசம் இல்லாமல் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் கும்பிடுவார்கள். அது இவர்கள் வழக்கம். அம்மாவுக்கு அதை நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவின் காலை ஒருவர் தொடக்கூடும் என்பது என் கற்பனையிலும் இல்லாததால்.

கிழவி இரண்டு பாதங்களையும் தொட்டு, அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்தவள் தொட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வாலிபன், கழுத்தில் ஜால்ரா தொங்க, அவனும் தொட்டான். அம்மாவின் கையிலிருந்து துடைப்பம் எப்போது விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பிறகு சட்டென்று உட்கார்ந்து அந்தக் கிழவியின் காலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கிழவி அவளைத் தூக்கி நிறுத்தி, இடுப்புப் பையிலிருந்து கறுப்புப் பொடியை எடுத்து நெற்றியில் வைத்தாள்.

நான் அவளிடம் போக இறங்கினேன். அதற்குள் பல்லக்கு ரதம் வருகிறது என்று தொண்டர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடிவந்தார்கள். அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். ரதமும் அதன் கூட்டமும் கடந்து, கயிறு தளர்ந்து, அந்தப் பக்கம் போனபோது சாலையில் துடைப்பம் மட்டும் கிடந்தது.

5

அம்மாவின் கைபேசி வீட்டில் சார்ஜில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த இந்தி "நஹி" ஒன்றுதான்.

கூட்டத்தோடு டாபோடி வரைக்கும் ஓடினேன். பார்க்கிற புடவையெல்லாம் அம்மா புடவையாக இருந்தது. போலீஸ் உதவிப் பந்தலில் ஒரு பெண் காவலர், பெயர், வயது, மொழி எல்லாம் கேட்டு எழுதினார். தமிழ் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஒலிபெருக்கியில் தமிழில் நீங்களே கூப்பிடுங்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்தார். "அம்மா, நான் இங்க போலீஸ் பந்தல்ல இருக்கேன், வாம்மா" என்று நெடுஞ்சாலைக்கே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தமிழில் பேசிய பெரிய கூட்டம் அதுதான். ஒருவருக்கும் புரியவில்லை. அந்தக் காவலர் என் தோளைத் தட்டி, பண்டரிபுரம் நடந்து போகிற இந்த வாரியில் யாரும் தொலைய மாட்டார்கள், உட்காருங்கள் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. மழை ஒருமுறை வந்து நின்றது. கைபேசி அதிர்ந்தது. பார்த்தால், குடியிருப்பு வாசலிலிருந்து: உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா? கூடவே காவலாளி எடுத்த போட்டோ. நனைந்த புடவை. நெற்றியில் கறுப்புப் பொடி மழையில் கரைந்து மூக்குவரை வழிந்திருக்கிறது. கழுத்தில் யாரோ போட்ட துளசிமாலை. அம்மா காமிராவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய அட்டை எல்லாவற்றிலும் அவள் படம் எனக்குத் தெரியும். இந்த முகம் எதிலும் இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள் காவலாளி மறுபடி கேட்டான்.

வீட்டுக்குப் போய்த் திட்டினேன். பயந்தவன் செய்கிற வேலை அது. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அந்தக் கிழவிகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஒரு இடத்தில் கைகோத்துக்கொண்டு சுற்றினார்களாம், இவளையும் சுற்றவைத்தார்களாம். பசித்தபோது பொரி கொடுத்தார்களாம். பிறகு ஒருத்தி, வீடு எங்கே என்று சைகையில் கேட்க, "வாகட்" என்று சொல்லியிருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். மீதி வழியை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே வந்திருக்கிறாள்.

"பயமா இல்லையாம்மா?"

"எங்க போறம்னு தெரியாதுதான். புடிச்சி இழுத்துக்கினு போறாளுங்க. பயப்படணும்னு நெனப்பு வந்தாத்தான பயம்?" துண்டை உதறினாள். "உன் கைய எதிர்பாத்துக்கினு இருக்கச்சொல்ல வர்ற பயம், அங்க வரல. அவ என் கால தொட்டுட்டுத்தான என் கைய புடிச்சா."

மகரந்தின் சித்தப்பா படுகிற பாடும் இப்படியொரு சந்தோஷமும் அகராதியின் ஒரே சொல்லில் எப்படி இருக்க முடியும் என்று நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். ரெண்டும் பிறர் வசம்தான். அந்தப் பிறர் உன்னை எங்கே வைத்திருக்கிறார், தன் தலைக்கு மேலா காலுக்குக் கீழா என்பதுதான் சமாச்சாரம் போலிருக்கிறது. நான் அம்மாவை எங்கே வைத்திருந்தேன்? கீழே வைக்கவில்லை. ஆனால் மருந்து டப்பா மாதிரி, பத்திரமான ஓர் அலமாரியில்.

6

மறுநாள் வகுப்பில் யாழினி கேட்பதற்கு முன்பே நானே ஆரம்பித்தேன். பரவசம் என்றால் நம்மை நாமே பிடித்துக்கொள்ள முடியாமல் போவது, வேறு யாரோ, வேறு எதுவோ நம்மை எடுத்துக்கொண்டு போவது, அது நமக்குப் பிடித்தும் இருப்பது என்றேன்.

யாழினி யோசித்தாள். "ஜெயன்ட் வீல்ல மேல போனப்புறம் இறங்க முடியாதே, அந்த மாதிரியா?"

கிட்டத்தட்ட என்றேன்.

"அதுல வாமிட் வரும் அங்கிள்" என்றது ஒரு சின்னக் குரல். வகுப்பு அதோடு முடிந்தது. என் விளக்கத்தைவிட ஜெயன்ட் வீல்தான் அவர்கள் மனதில் தங்கும். தங்கட்டும். அகராதி என்னிடம் சொன்னதைவிட அது மோசமில்லை.

7

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை நடந்ததால் மனம் மாறியிருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். மாறவில்லை. வழக்கம்போல ஆரம்பித்தேன்: நெற்றியில் அடிபட்டது, தனியாக இருப்பது, டாக்டர் சொன்னது. அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. இதையெல்லாம் அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

சொல்ல ஒன்றும் மீதி இல்லாமல் போனபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. இந்த ஊரில் ஏழு வருஷமாகத் தனியாக இருக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்தால் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. நீ இருந்த இந்த நாட்களில், லிஃப்ட் பதினோராவது மாடிக்கு வரும்போது குழம்பு வாசனை நம் வீட்டிலிருந்தா என்று மோந்து பார்ப்பேன். உனக்காக இரு என்று இனிமேல் சொல்லவில்லை. எனக்கு ஆள் இல்லை அம்மா. எனக்காக இரு.

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அம்மா கையிலிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். "உன்ன நான் பாத்துக்கறேன், பாத்துக்கறேன்னு நீ சொல்லச்சொல்ல எனக்கு மூச்சு முட்டுச்சு. உன்ன பாத்துக்கணும்னா சொல்லு. அது எனக்குத் தெரிஞ்ச வேல."

டிக்கெட்டைக் கேன்சல் செய்யவா என்று கைபேசியை எடுத்தேன். வேண்டாம் என்றாள். ஊருக்குப் போய், வீட்டை யாருக்காவது விட்டு, பென்ஷனை இந்தப் பக்கம் மாற்ற எழுதிக் கொடுத்து, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வருவாளாம்.

"வர்றதுக்கு நீ டிக்கெட்டு போடாத. நானே எடுத்துக்கினு வர்றன்."

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். பூட்டுக்கு எண் அழுத்தாமல் திறக்கிற சாவி ஒன்று உண்டு, அதைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசல் காவலில் அவளுடைய பெயரை விருந்தாளியிலிருந்து எடுத்து, இங்கே குடியிருப்பவர் என்று மாற்றச் சொன்னேன். அதற்கு அவர்கள் வாடகை ஒப்பந்த நகல், வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்டார்கள். பெற்ற தாய்க்கு எதற்குச் சரிபார்ப்பு என்று குடியிருப்புச் செயலாளரோடு சண்டை போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கொடுத்து மாற்றிவிட்டேன்.

இதை எழுதும்போது ஆடி முடியப் போகிறது. நேற்று அம்மா போன் செய்தாள். வீட்டை விட்டாயிற்று, பென்ஷன் வேலை முடிந்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்றாள். பக்கத்து வீட்டு அக்காவின் பெண் எடுத்துக் கொடுத்ததாம். எந்த நாள், எந்த வண்டி என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு உனக்கு? ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறதுக்கா? வேணாம். வாகட்னா எனக்குத் தெரியும்."

பிறகு எவ்வளவு கேட்டும் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. இன்றைக்குக் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கியதும் தலையை நிமிர்த்தி எங்கள் பால்கனியைப் பார்த்தேன். கொடியில் என் சட்டைகள் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தன. நாளைக்கும் அங்கேயே நின்று பார்ப்பேன்.